தீவனத்தில் மருந்து கலந்தால் மாட்டு ஈ குறையுமா?

செவலைக்கன்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கறவையில் ஒன்பது மாடு, சினைக் கிடாரி மூன்று, கன்றுகள் ஐந்து. வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார். மாட்டை நானும் மாமியாரும்தான் பார்க்கிறோம்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்ததிலிருந்து கட்டுத்தரையில் ஈ தாங்க முடியவில்லை. மழைக்காலத்தில் எப்போதும் வரும்தான், ஆனால் இப்படி வந்ததில்லை. மாடுகள் நிற்காமல் காலை உதைத்துக்கொண்டே இருக்கின்றன. கறவை மெஷினை மாட்டினால் பாதியில் எட்டி உதைத்துக் கப்பைத் தள்ளிவிடுகின்றன. மத்தியானம் படுத்து அசைபோடுகிற மாடுகள் இப்போது படுப்பதே இல்லை. சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் குறைந்துவிட்டது. சாயந்திரம் வேப்பந்தழைப் புகை போடுகிறோம். புகை இருக்கிற அரை மணி நேரம் பரவாயில்லை, அப்புறம் பழையபடிதான். மாட்டின் மேல் அடிக்கிற மருந்தும் ஒரு தடவை அடித்துப் பார்த்தோம், நான்கு நாள் தாங்கியது.

இப்போது தீவனம் வாங்குகிற கடையில் ஒரு பவுடர் காட்டுகிறார்கள். தினமும் தவிட்டில் கலந்து வைத்தால் மருந்து சாணியோடு வெளியே வருமாம், சாணியில் ஈ முட்டை வைத்தாலும் புழு வளராதாம், ஒரு மாதத்தில் ஈயே இருக்காதாம். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கோழிப் படம்தான் இருக்கிறது. கேட்டால், "கோழிக்கே கொடுக்கிறது, மாட்டுக்கு என்ன ஆகிவிடப்போகிறது" என்கிறார் கடைக்காரர்.

தீவனம் வழியாக ஈயைக் குறைப்பது உண்மையிலேயே நடக்கிற காரியமா? மருந்து பாலில் வருமா? எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இதே பாலைத்தான் குடிக்கிறாள், அதனால்தான் பயமாக இருக்கிறது. பூண்டு, கந்தகம், வேப்பம்புண்ணாக்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கொடிவேரி எழுதியது:

சகோதரி, பூண்டு போடுங்கள். தினம் ஒரு கைப்பிடி இடித்துத் தவிட்டில் கலந்து வைக்கிறேன், என் மாட்டின் மேல் ஈ உட்காருவது குறைந்திருக்கிறது. இரண்டு மாடுதான் என்னிடம். செலவும் பெரிதாக இல்லை.


காவிரிக்கரை எழுதியது:

அம்மிணி, அந்தப் பவுடரை வாங்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் நாமக்கல் பக்கம். முட்டைக்கோழிப் பண்ணையில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் தீவனம் அரைக்கிற இடத்தில். ஆறு வருடமாக மோகனூர் பக்கம் சொந்தமாக மாடு வைத்திருக்கிறேன், இப்போது பதினொன்று. நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பவுடர் பெரும்பாலும் சைரோமசின் என்கிற ஈப்புழு மருந்தாகத்தான் இருக்கும். ஒரு சதவீதம் மருந்து இருக்கிற பிரிமிக்ஸ் (தீவனத்தில் சேர்க்கிற முன்கலவை), டன் தீவனத்துக்கு அரைக் கிலோ. அதாவது கோழி தின்கிற தீவனத்தில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்கு. என் கையால் எத்தனையோ மூட்டை கலந்திருக்கிறேன். கோழிப்பண்ணையில் அது நன்றாகவே வேலை செய்யும். எச்சத்தில் பொரிக்கிற ஈப்புழு தோல் உரிக்க முடியாமல் செத்துவிடும்.

கோழிப்பண்ணையில் ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால்தான் மாட்டுக்கு ஏன் சரிப்படாது என்பது புரியும். அங்கே கோழி கூண்டில் இருக்கிறது. நாம் அரைத்துக் கொடுப்பதைத் தவிர வேறு எதையும் தின்னாது. எச்சம் முழுக்கக் கூண்டுக்கு அடியிலேயே மாதக்கணக்கில் குவிகிறது. ஈ முட்டை வைக்கிற இடம் முழுக்க மருந்து இருக்கும். அப்படியும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க மாட்டோம். சில வாரம் கொடுத்து நிறுத்திவிடுவோம், இல்லாவிட்டால் ஈக்கு மருந்து பழகிப்போகும். பழகிப்போன பண்ணைகளையும் பார்த்திருக்கிறேன்.

மாட்டு வயிற்றில் நான்கு அறை. கோழிக்குக் கணக்குப் போட்ட அளவு இங்கே பொருந்தாது. அதைவிடப் பெரிய விஷயம், சைரோமசினில் ஒரு பகுதி உடம்புக்குள் போய் மெலமைனாக மாறும். 2008இல் சீனாவில் பால்பவுடரில் கலப்படம் செய்து குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டதே, அந்த மெலமைன்தான். அங்கே கலந்தது பெரிய அளவு, இது சின்ன அளவு என்று ஒருவர் சொல்லலாம். கறவை மாட்டுக்கு இவ்வளவுதான் என்று எழுதாத பொருளில் எது சின்ன அளவு என்று யார் சொல்வது? கையளவு பார்த்துத் தவிட்டில் போட்டு, அந்தப் பாலை உங்கள் குழந்தைக்கும் சொசைட்டி வழியாக ஊர்க் குழந்தைகளுக்கும் கொடுப்பதற்கு எனக்கு மனசு வராது.

சரி, தீவனம் வழியாக ஈயைக் கட்டுப்படுத்துவதே பொய்யா என்றால், பொய் இல்லை. மாட்டுக்கென்றே தயாரித்த மருந்துகள் வெளிநாட்டில் ஐம்பது வருடத்துக்குப் பக்கமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு. மருந்து தின்ற மாட்டின் சாணியில் பிறக்கிற புழுவை மட்டும்தான் அவற்றால் நிறுத்த முடியும். பறந்து திரிகிற ஈயை ஒன்றும் செய்யாது. சாணி அல்லாத இடத்தில் பிறக்கிற ஈயையும் ஒன்றும் செய்யாது. அதனால் உங்கள் கட்டுத்தரையில் இருப்பது எந்த ஈ, அது எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எந்த மருந்து வாங்கினாலும் காசு போகும்.

மாட்டுக்குத் தொல்லை கொடுப்பதில் முக்கியமாக மூன்று வகை பாருங்கள். ஒன்று, வீட்டு ஈ. கடிக்காது. கண், மூக்கு, புண், மடிக்காம்பு என்று ஈரம் இருக்கிற இடத்தில் மொய்க்கும். இரண்டாவது, பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனால் வாயில் ஊசி மாதிரி ஒன்று முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இது ரத்தம் குடிக்கிற ஈ. ஆண், பெண் இரண்டுமே கடிக்கும். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் கடிக்கும், குடித்து முடித்ததும் சுவரிலோ தூணிலோ போய்த் தலையை மேலே வைத்து உட்கார்ந்து செரித்துக்கொண்டிருக்கும். அதனால் மாட்டின் மேல் பார்த்தால் நான்கைந்துதான் தெரியும், மாடு என்னவோ நாளெல்லாம் உதைத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது ரொம்பச் சின்னது, வீட்டு ஈயில் பாதி அளவு. முதுகிலும் தோளிலும் கூட்டமாகத் தலைகீழாக உட்காரும். இரவும் பகலும் மாட்டை விட்டு இறங்காது, சாணி போட்டதும் சட்டென்று இறங்கி அந்தச் சூட்டிலேயே முட்டை வைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும்.

தீவன மருந்து இந்த மூன்றாவது ஈக்கென்றே செய்த மாதிரி. புது சாணியைத் தவிர வேறெங்கும் அது முட்டை வைப்பதில்லை. இரண்டாவது ஈ அப்படி இல்லை. மூத்திரமும் சாணியும் ஊறி மக்கிப்போன வைக்கோல், தட்டு, மீந்த பசுந்தீவனம், இதில்தான் அதற்குப் பிரியம். அந்தக் கூளத்தில் மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இரண்டாவது ஈ மேல்தான் சந்தேகம். மாடு உதைக்கிறது என்கிறீர்கள், முதுகைத் திருப்பித் திருப்பி நக்குகிறது என்று சொல்லவில்லை.

அப்புறம் பூண்டு. கொடிவேரிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நானும் போட்டவன்தான். வந்த முதல் வருடம் நான்கு மாட்டுக்கு ஒரு மாதம் இடித்துப் போட்டேன். உண்மையிலேயே சாணியில் புழு வைக்காதா என்று பார்க்க இரண்டு காலி பெயிண்ட் வாளி எடுத்தேன். பூண்டு தின்ற மாட்டுச் சாணி ஒன்றில், தின்னாத மாட்டுச் சாணி ஒன்றில், ஒரே அளவு. ஒரு பகல் முழுக்கத் திறந்து வைத்து ஈயை மொய்க்க விட்டேன். சாயந்திரம் இரண்டையும் பழைய கொசுவலைத் துணியால் வாய் கட்டி நிழலில் வைத்தேன். மூன்றாம் நாள் பூண்டு வாளியைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக நெளிகிறது, அடுத்ததிலும் அப்படியே. ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு வலைக்குள்ளும் ஈ முட்டிக்கொண்டு நின்றது. வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வாசத்துக்காக மேலே உட்காருவது கொஞ்சம் குறையலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதத்தில் ஒரு நாள் கறவைக்கு முன்னால் போட்டுவிட்டேன். பால் ஊற்றுகிற இடத்தில் கேனைத் திறந்ததுமே வாசம் பிடித்துத் திருப்பிவிட்டார்கள், இருபத்திரண்டு லிட்டர். போடுகிறவர்கள் கறந்து முடித்த பிறகு போடுங்கள்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். மத்தியானம் மூன்று மணி வாக்கில், ஆடாமல் ஓரமாக நின்று ஐந்தாறு மாட்டின் முன்னங்கால் இரண்டிலும் எத்தனை ஈ இருக்கிறது என்று எண்ணுங்கள். முதுகையும் பாருங்கள். கட்டுத்தரைச் சுவரைப் பாருங்கள். அப்புறம் ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு புழு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சாணிக் குவியல் நடுவில் தேடாதீர்கள், அங்கே சூடு அதிகம், புழு இருக்காது. ஓரங்களில், தொட்டிக்கு அடியில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில், முக்கியமாகக் கன்றுக்குட்டி கட்டுகிற இடத்தில். பார்த்துவிட்டு எழுதுங்கள்.


செவலைக்கன்று எழுதியது:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பவுடர் வாங்கவில்லை.

இன்று மூன்றரைக்குப் பார்த்தேன். ஆறு மாட்டின் முன்னங்கால்களில் எண்ணியது: 11, 8, 14, 9, 17, 6. பதினேழு இருந்தது வெள்ளைக்கால் ஜெர்சி, அதுதான் மெஷினை அதிகம் தள்ளுவது. முதுகில் சின்ன ஈ கொஞ்சம் இருக்கிறது, ஒரு மாட்டுக்கு இருபது முப்பதுக்கு மேல் இருக்காது. நீங்கள் சொன்ன மாதிரியே தெற்குச் சுவரில் வெயில் படுகிற பக்கம் ஐம்பது அறுபது ஈ தலையை மேலே வைத்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை அடித்துக் கையில் வைத்துப் பார்த்தேன், வாயில் கருப்பாக முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வயிற்றை நசுக்கினால் ரத்தம். இத்தனை நாள் இதை வீட்டு ஈ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கன்றுக்குட்டி கட்டுகிற இடத்தில் குளிருக்கு என்று சோளத்தட்டுத் தூளும் வைக்கோலும் போட்டிருக்கிறோம். மேலே காய்ந்துதான் இருக்கும், அதன் மேலேயே புதுசு போட்டுவிடுவோம். இன்று களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் புரட்டினேன். அடியில் கருப்பாக ஊறிப்போய், அம்மோனியா நெடி கண்ணில் ஏறுகிறது. கைப்பிடி கூளத்தில் எண்ண முடியாத அளவுக்குப் புழு. ஓரத்தில் சுவரை ஒட்டிக் காய்ந்த மண்ணில் செம்பழுப்பாகச் சின்னச் சின்னக் கூடுகள், அரித்து எடுத்தால் ஒரு படி தேறும். மாமியார் பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் நாமே வளர்த்திருக்கிறோம்" என்று ரொம்ப வருத்தப்பட்டார்.

பெரிய மாடுகள் நிற்கிற இடத்தில் தினம் இரண்டு வேளை கழுவுகிறோம், அங்கே புழு இல்லை. எருக்குழி ஓரத்தில் இருக்கிறது. நேப்பியர் புல் அறுத்துப்போடுகிற தொட்டிக்குப் பின்னால் மாடு இழுத்துக் கீழே தள்ளுகிற தண்டு மக்கிக் கிடக்கிறது, அங்கேயும் இருக்கிறது.

நாளைக்கே எல்லாவற்றையும் அள்ளிவிடப் போகிறோம். இதற்கு மேல் தீவனத்தில் ஏதாவது சேர்த்தால் உதவுமா?


சமவெளி எழுதியது:

நான் சேலத்துக்காரன். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் மாட்டுத் தீவனத் தொழிலில் இருக்கிறேன். காவிரிக்கரை அண்ணன் சொன்ன மூன்றாவது ஈதான் இங்கே பெரிய தலைவலி. கொம்பு ஈ என்பார்கள். ஒரு நாளைக்கு இருபது முதல் நாற்பது தடவை ரத்தம் குடிக்கும். ஒரு மாட்டுக்கு இருநூறைத் தாண்டினால்தான் செலவு செய்து மருந்து கொடுப்பது கட்டும் என்பது இங்கே உள்ள கணக்கு. செவலைக்கன்று எண்ணிய இருபது முப்பதுக்கு யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். ஆனால் காலில் கடிக்கிற ஈக்கு ஒரு காலுக்கு ஐந்து என்றாலே அதிகம் என்பார்கள். உங்களுடையது அதைத் தொட்டுவிட்டது, சில மாட்டில் தாண்டியும்விட்டது.

இங்கே தாது உப்பில் கலந்து கொடுப்பதில் முக்கியமானவை இரண்டு. மெத்தோபிரீன், டைஃப்ளூபென்சூரான். முதலாவது பூச்சியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்துக் கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளியே வராமல் செய்யும், கொம்பு ஈக்கு மட்டும்தான் அது. இரண்டாவது புழுவின் மேல்தோல் உருவாவதைத் தடுக்கும், சாணியில் பிறக்கிற நான்கு வகை ஈக்கும் இங்கே கறவை மாட்டுக்கும் அனுமதி உண்டு. ஈ கிளம்புவதற்கு முப்பது நாள் முன்பே ஆரம்பித்து, குளிர் விழுகிற வரை ஒரு நாள் விடாமல் கொடுக்க வேண்டும். மாடு உப்பு நக்காமல் போனால் அந்த நாள் சாணியில் மருந்து இருக்காது. அக்கம்பக்கத்துப் பண்ணையில் கொடுக்காவிட்டால் அங்கிருந்து பறந்து வந்துவிடும். ஈ பெருகிய பிறகு ஆரம்பிப்பதில் பிரயோஜனம் குறைவு.

இன்னொன்று, இங்கேயும் காலில் கடிக்கிற ஈக்குத் தீவன மருந்து கைகொடுப்பதில்லை. பெரிய உருண்டை வைக்கோல் கட்டுகளை வயலில் வைத்து மாடுகளுக்குப் போடுவார்கள். மாடு சிந்தியதும் சாணியும் மூத்திரமும் சேர்ந்து வசந்த காலத்தில் அந்த இடம்தான் ஈக்குப் பிறப்பிடம். உங்கள் நேப்பியர் தண்டு மாதிரிதான். அதைச் சுரண்டி எடுத்துப் பரப்பிவிடச் சொல்வதைத் தவிர வேறு வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை.


வைகை எழுதியது:

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

கந்தகம் கேட்டிருந்தீர்கள். செய்யாதீர்கள். மாட்டுக்கு மொத்தத் தீவன உலர்பொருளில் கந்தகம் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூளை பாதிக்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்பே தாமிரச் சத்து உடம்பில் சேராமல் சினை பிடிக்காமல் போகும். உங்கள் தண்ணீரிலும், கலப்புத்தீவனத்திலும் ஏற்கெனவே எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்று தெரியாமல் கரண்டிக் கணக்கில் போடுவது ஆபத்து.

அடுத்து, ஐவர்மெக்டின் ஊசி போட்டால் சாணியில் புழு வராது என்று சிலர் சொல்வார்கள். சாணியில் இறங்குவது உண்மைதான். ஆனால் பாலிலும் இறங்கும், அதனாலேயே கறவையில் இருக்கிற மாட்டுக்குப் போடக் கூடாது. சாணி வண்டையும் அது கொல்லும். சாணி வண்டு நமக்குச் செய்கிற வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணியை உருட்டிப் புதைக்கிற வண்டு இல்லாமல் ஈ பெருகிப்போய், 1960களில் தொடங்கி ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். நம் மேய்ச்சல் நிலத்தில் அது காசில்லாமல் இருக்கிறது.

கடிக்கிற ஈயை அலட்சியமாக விடாதீர்கள். தோல் கழலை நோயை ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில் இதற்கும் பங்கு உண்டு. தடுப்பூசி போட்டாகிவிட்டதா?


செவலைக்கன்று எழுதியது:

ஐயா, பெரிய மாடுகளுக்குப் போட்டாயிற்று. கன்றுகளில் இரண்டு பாக்கி, முகாம் வரும்போது போட்டுவிடுகிறேன்.

வேப்பம்புண்ணாக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே?


காவிரிக்கரை எழுதியது:

வேம்பு வேலை செய்யும் அம்மிணி, ஆனால் மாட்டின் வயிற்றில் வேண்டாம். அதில் இருக்கிற அசாடிராக்டின் புழுவைத் தோல் உரிக்க விடாது. சாணியில் கலந்து பார்த்தால் புழு குறைவது உண்மை. தீவனத்தில் அந்த அளவுக்குப் போட்டால் கசப்புக்கு மாடு தவிட்டையே ஒதுக்கிவிடும், தின்னாத மாடு பால் எங்கே கொடுக்கும்? நான் வேப்பம்புண்ணாக்கை எருக்குழி ஓரத்தில் தூவிவிடுகிறேன். எப்படியும் எருவோடு வயலுக்குப் போகப்போகிறது, வீண் இல்லை.

இப்போது அள்ளுகிற வேலை. நாளைக்கு ஒரே நாளில் அள்ளிவிட்டு ஓயாதீர்கள். முட்டையிலிருந்து ஈயாக மாற வீட்டு ஈக்கு இந்தச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாள் போதும், கடிக்கிற ஈக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் கன்று கட்டுகிற இடத்தை வாரத்துக்கு இரண்டு முறை தரை தெரிய எடுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை எடுத்தால் அதற்குள் வீட்டு ஈ பிறந்துவிடும். செவ்வாய், சனி என்று கிழமை வைத்துக்கொண்டால் மறக்காது. தரை காய்ந்த பிறகு சுண்ணாம்புத்தூள் லேசாகத் தூவி அதன்மேல் புதுக் கூளம் கொஞ்சமாகப் போடுங்கள். குளிர் இல்லாத நாளில் கூளமே வேண்டாம்.

அள்ளிய கூளத்தை எருக்குழியில் சும்மா கொட்டினால் ஈப்பிறப்பு இடம் மாறும், அவ்வளவுதான். இதில்தான் நான் இரண்டு வருடம் ஏமாந்தேன். கொட்டியதைக் கூம்பாகக் குவித்து, மேலே பழைய தார்ப்பாய் போட்டு, ஓரமெல்லாம் மண் அணைத்து மூடுங்கள். உள்ளே சூடு ஏறும். நான்காம் நாள் ஒரு கம்பியைக் குத்தி வைத்து எடுத்துத் தொட்டால் கை பொறுக்காது. அந்தச் சூட்டில் புழு பிழைக்காது. சூடு ஏறாத ஓரத்துக்கு அது நகரும், அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தை வெட்டி நடுவில் போட்டு மறுபடி மூடுங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பாட்டி தினமும் சாணியை வறட்டி தட்டிப் பாறையில் காயப்போட்டுவிடுவார். எங்கள் வீட்டுக் கட்டுத்தரையில் ஈ குறைவு என்று ஊரில் சொல்வார்கள். ஒரே வெயிலில் காய்ந்துபோன சாணியில் புழு எப்படி வளரும்? இடமும் ஆளும் இருந்தால் மெல்லிசாகப் பரப்பிக் காயவைப்பதும் நல்லதுதான், மழைக்காலத்தில் அது நடக்காது.

நாட்டுக்கோழி இருக்கிறதா? சுவரோரம் அந்தச் செம்பழுப்புக் கூடுகள், அதாவது ஈயாக மாறப்போகிற கூட்டுப்புழுக்கள், இருக்கிற இடத்தில் காலையில் முதல் வேலையாகத் திறந்துவிடுங்கள். மண்ணைக் கீறிக் கீறி ஒன்று விடாமல் பொறுக்கும். ஆனால் மருந்து அடித்த இடத்தில் விடாதீர்கள்.

சுவரில் உட்காருகிற ஈக்குத்தான் மருந்து அடிக்க வேண்டும், மாட்டுக்கு இல்லை. மாட்டை வெளியே பிடித்துக் கட்டிவிட்டு, தண்ணீர்த்தொட்டியையும் தீவனத்தொட்டியையும் மூடி, தெற்குச் சுவருக்கு மட்டும். உங்கள் ஊர் டாக்டரிடம் கேட்டு மாட்டுக் கொட்டகைக்கு என்று எழுதியிருக்கிற மருந்தை, எழுதியிருக்கிற அளவில். இது ஒரு முறை போதும். பிறக்கிற இடத்தை அடைக்காமல் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

எண்ணுவதை நிறுத்தாதீர்கள். அதே மாடு, அதே நேரம், வாரம் ஒருமுறை. நோட்டில் எழுதி வையுங்கள்.


செவலைக்கன்று எழுதியது:

இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது, சொன்ன மாதிரி எழுதுகிறேன்.

முதல் நாள் கன்று இடத்திலிருந்து மட்டும் பதினாறு சட்டி கூளம் அள்ளினோம். தொட்டிக்குப் பின்னால் பைப் மூட்டு ஒன்று கசிந்துகொண்டிருந்திருக்கிறது. தண்டு எல்லாம் எடுத்த பிறகுதான் தெரிந்தது, எத்தனை மாதமோ. பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்தோம். தார்ப்பாய் பழையது கிடைக்காமல் புதிதாக வாங்கினோம். நேப்பியரை இப்போது வெட்டி நறுக்கித்தான் போடுகிறோம், கீழே இழுப்பது குறைந்திருக்கிறது.

எண்ணிக்கை. முதல் வாரம் குறையவே இல்லை, 10, 9, 13, 11, 15, 7. மனசு விட்டுப்போனது. மாமியார்தான், "ஏற்கெனவே பிறந்தது செத்துத் தீர வேண்டாமா" என்று சொல்லி அடுத்த செவ்வாய்க்கிழமையும் இறங்கினார். இரண்டாம் வாரம் 6, 5, 8, 4, 9, 4. நேற்று 3, 2, 4, 2, 5, 1. ஐந்து அதே வெள்ளைக்கால் ஜெர்சிதான், அதன் தோல் அப்படியோ என்னவோ. நேற்று சாயந்திரம் அது மெஷினை ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. பால் முழுசாக ஏறவில்லை, நான்கு லிட்டர் திரும்பியிருக்கிறது. மத்தியானம் எல்லாம் படுக்கின்றன.

வீட்டு ஈ இன்னும் இருக்கிறது, பால் கேன் வைக்கிற அறையில். அந்த அறைக்கு வலைக்கதவு போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் அண்ணா. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குழியில் தண்ணீர் நின்று தார்ப்பாய்க்கு அடியில் எல்லாம் ஊறிவிடும். அப்போது சூடு ஏறாதே, என்ன செய்வது?


காவிரிக்கரை எழுதியது:

ஏறாது, சரியாகக் கேட்டீர்கள். மழைக்கு முன்னால் குழியை விட்டுவிடுங்கள். கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்துத் தரைமட்டத்துக்கு மேலே அரை அடி கல்லும் மண்ணும் போட்டு உயர்த்தி, அதன்மேல் குவித்து மூடுங்கள். சுற்றிலும் ஒரு சாண் வாய்க்கால் எடுத்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். சாணி ரொம்ப நீர்த்திருந்தால் காய்ந்த கடலைக்கொடியோ தேங்காய்நார்க் கழிவோ அடுக்கடுக்காகச் சேருங்கள், காற்றுப் போனால்தான் சூடு வரும். என் குவியல் போன கார்த்திகை முழுக்க அப்படித்தான் இருந்தது, படம் தேடி எடுத்துப் போடுகிறேன்.

அந்த ஜெர்சியின் காலைக் கழுவிவிட்டுப் பாருங்கள், புண் ஏதாவது இருக்கிறதா என்று. கடித்த இடத்தில் ரத்தம் கசிந்தால் அந்த ஈரத்துக்கே வீட்டு ஈயும் வந்து மொய்க்கும். கன்றுகளுக்கு அந்தத் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள்.